மலைக்கு ஜாகா

கிள்ளானை அடுத்த மேருவில், மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் தாம்பூலத் தட்டு கைமாறிக்கொண்டிருந்தது. பெண்ணின் பெரியம்மாவான லோகேஸ்வரி மட்டும் வெளித் தாழ்வாரத்தில் நின்று தூணில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். தூணில் மேலிருந்து கீழாகச் சாய்வாக ஒரு விரிசல். அது எங்கே முடிகிறதோ அங்கே குறுக்காக ஒரு சின்னக் கோடு, பக்கத்தில் அன்றைய தேதி. மாப்பிள்ளையின் அப்பா எதற்கோ வெளியே வந்தவர் இதைப் பார்த்துவிட்டார்.

“என்னம்மா பண்றீங்க?”

“ஒண்ணும் இல்லண்ணே. தேதி போட்டு வைக்கிறேன். கல்யாணத்துக்கு வரும்போது பாத்துக்கலாம், வளந்திருக்கா இல்லியான்னு.”

மற்ற பெண் வீட்டார் பையன் குடிக்கிறானா, கடன் உண்டா என்று விசாரிப்பார்கள். லோகேஸ்வரி தூணை விசாரிக்கிறார். கல்யாணத்துக்கு முதல் நாள் போனவர் யாருக்கும் வணக்கம் சொல்லும் முன் நேரே தூணிடம் போய்க் குனிந்து பார்த்தார். “சும்மா இருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மாலை கட்ட உட்கார்ந்தார். அதைவிடப் பெரிய வாழ்த்து அவரிடம் கிடையாது என்பது பாவம், அந்த வீட்டாருக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். நானும் அவரும் ஒரே இடத்தில் வேலை பார்க்கிறோம். கிள்ளான் பள்ளத்தாக்கின் கிழக்கு ஓரத்தில் ஒரு மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுபோகச் சுரங்கம் போடுகிறார்கள். எந்த மலை, எந்தக் கம்பெனி என்று எழுத மாட்டேன். எனக்குச் சம்பளம் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது. நான் ஸ்டோர்கீப்பர். தலைக்கவசம், பூட்ஸ், பேட்டரி, துடைக்கிற துணி வரை எல்லாம் என் கையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். லோகேஸ்வரியின் வேலையைச் சொல்வதுதான் கொஞ்சம் கஷ்டம். அவர் எதையும் தோண்டுவதில்லை, கட்டுவதில்லை, தூக்குவதில்லை. பாறை நகர்கிறதா என்று பார்க்கிறார். நான்கு வருஷமாக அதையேதான் பார்க்கிறார். எங்கள் ஆட்கள் அவருக்கு ‘மலைக்கு ஜாகா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜாகா என்றால் எங்கள் ஊரில் காவல். மலையை எவன் தூக்கிக்கொண்டு ஓடப் போகிறான் என்பது அதற்குள் இருக்கிற கேலி.

ஆனால் மலை நகரத்தான் செய்கிறது. வெடி வைத்து நான்கு மீட்டர் பாறையை எடுத்தவுடன், சுற்றியிருக்கும் பாறை அந்த வெற்றிடத்தைப் பார்த்து மெல்ல வருகிறது. முதல் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் வேகமாக வரும், பிறகு தயங்கும், பிறகு நின்றுவிடும். நிற்க வைப்பதற்காகத்தான் நீள நீளமான இரும்பு போல்ட்டுகளைப் பாறைக்குள் இறக்கி, அதன்மேல் கான்கிரீட்டைப் பீச்சியடிக்கிறார்கள். வருகிற தூரம் அதிகம் போனால் ஓர் அரிசியின் அகலம். அது எப்போது நிற்கிறது என்பது முக்கியம். நிற்காமலே இருக்கிறதா என்பது அதைவிட முக்கியம்.

இதைக் கண்டுபிடிக்கச் சுரங்கத்தில் பத்து மீட்டருக்கு ஒரு வளையம் குறித்து எண் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வளையத்திலும் கட்டைவிரல் பருமனில் ஐந்து கண்ணாடிப் பிரிசங்கள் பாறையில் பதிந்திருக்கும்: பக்கத்துக்கு இரண்டு, உச்சியில் ஒன்று. லோகேஸ்வரி தன் மூன்று கால் கருவியை நட்டு, ஒரு கண்ணை மூடி, ஒவ்வொரு பிரிசமாகக் குறிவைத்து அது நேற்று நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று அளப்பார். பிரிசத்துக்கு அவர் வைத்த பெயர் ‘கண்ணு’. “முப்பத்தாறுல இடது கண்ணு அழுவுது” என்றால் அதன்மேல் தண்ணீர் சொட்டுகிறது என்று பொருள். “முப்பத்தெட்டு முறைக்குது” என்றால் யாரோ அதன் முன்னால் டார்ச் விளக்கை மாட்டியிருக்கிறார்கள்.

வயது நாற்பத்தெட்டு. குள்ளம், எங்களிடம் உள்ள மிகச் சிறிய பூட்ஸிலும் அவர் இரண்டு காலுறை போட்டுத்தான் நடக்க வேண்டும். முதலில் மேருவில் ஒரு தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக்கு அடியில் மின்சாரச் சில்லுகளைப் பார்த்துப் பார்த்துக் கழிப்பதுதான் வேலை. அங்கிருந்து ஒரு நில அளவையாளர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். ஒருநாள் ஆள் வரவில்லை என்று அளவுகோலைப் பிடிக்க வெளியே கூட்டிப்போனார்கள். பிடித்தவர் திரும்பி மேசைக்குப் போகவே இல்லை.

முழு எண் எதையும் அவர் நம்புவதில்லை. யாராவது “பத்து நிமிஷத்துல வந்துடுவேன்” என்றால், “ஒம்பதா பதினொண்ணா?” என்பார். பாசார் சந்தையில் மீன்காரர் “ஒரு கிலோ லா, அக்கா” என்று பையை நீட்டினால் வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்து, “கொஞ்சம் கொறையுது” என்பார், குறைந்துதான் இருக்கும். இத்தனை துல்லியமான மனுஷி ஒருநாள்கூடக் காலையில் நேரத்துக்கு வேலைக்கு வந்ததில்லை. கேட்டால், “ரோட்டுல ஜேம்” என்று ஒரே வார்த்தை. அவர் வீடு இருக்கும் சாலாக் செலாத்தானிலிருந்து வருகிற மற்ற மூன்று பேர் அதே ரோட்டில்தான் நேரத்துக்கு வருகிறார்கள்.

எங்கள் வேலையிட வாட்சாப் குழுவில் காலையில் எல்லாரும் பூப்படம் போட்டு வணக்கம் சொல்வார்கள். அவர் மட்டும் பாறை எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று ‘0.2, 0.1, 0.0’ போடுவார். ஒருமுறை கை தவறி அதைச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டுவிட்டார். ஜெஞ்சாரோமில் இருக்கும் ஒரு சித்தி, யாருக்கோ பிறந்த குழந்தையின் எடை என்று நினைத்து வாழ்த்து அனுப்பியிருக்கிறார். இதை எனக்குச் சொன்னவர் லோகேஸ்வரியின் கணவர் முகுந்தன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார், சாந்தமான மனிதர். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் பெரிய தப்புச் செய்திருக்கிறார்.

அவர்கள் வீட்டு முன்கூடச் சுவரில் ஒரு விரிசல் உண்டு. அதன் முனையில் பன்னிரண்டு வருஷமாக லோகேஸ்வரி கோடும் தேதியும் போட்டு வந்தார். பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்தார்கள் என்று கதவு நிலையில் குறிப்பார்கள் அல்லவா, அதைப்போல விரிசலுக்கு. போன தீபாவளிக்கு முன் முகுந்தன், மனைவி வேலைக்குப் போயிருந்த நேரத்தில், ஆசை ஆசையாகச் சுவருக்கு இளமஞ்சள் சாயம் அடித்துவிட்டார். விரிசலும் போயிற்று, பன்னிரண்டு வருஷமும் போயிற்று.

“சொவரு எங்க லோகா போவப் போவுது?” என்று கேட்டிருக்கிறார்.

“அதத்தான நான் பாத்துக்கிட்டிருந்தேன்!” என்று சொல்லிவிட்டு மூன்று நாள் பேசவில்லையாம். நான்காம் நாள் தீபாவளி. பலகாரம் கொடுத்தபோதும் முகத்தைச் சுவர்ப் பக்கமே வைத்திருந்தாராம்.

கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். கேலிதான் செய்கிறேன். எங்கள் வேலையிடத்தில் அவரைக் கேலி செய்யாதவர்கள் இல்லை, அதற்கு அவரே வழி செய்து கொடுத்தார். போன வருஷம் ஒருநாள் ஒரு வளையம் முழுவதும் ஒன்பது மில்லிமீட்டர் இடம் மாறிவிட்டது என்று கத்தி, சுரங்கத்திலிருந்து எல்லாரையும் வெளியே ஓட வைத்தார். ஆறு மணி நேரம் வேலை நின்றது. பிறகுதான் தெரிந்தது, சேற்றில் கருவி நிற்காது என்று அதன் அடியில் ஒரு பலகை போட்டிருக்கிறார், பலகைதான் இறங்கியிருக்கிறது. மலை அதன் இடத்திலேயே இருந்தது. அவரே வந்து, “எம் மேலதான் தப்பு, பலகையப் பாக்கல” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். சொல்லாமல் மழுப்பியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பார்கள். ஒப்புக்கொண்டதால் ‘பலகை அக்கா’ என்று இன்னொரு பெயரும் சேர்ந்துவிட்டது. அந்தப் பெயரை வைத்தவர் சபாபதி, துளைபோடும் ஆட்களின் தலைவர். கிள்ளான்காரர், குரல் பெரிசு, பக்தி அதைவிடப் பெரிசு.

இந்தச் சபாபதியின் பக்தியில்தான் வந்தது வினை.

ஆயுத பூஜையை எங்கள் இடத்தில் ஒரு குறையும் இல்லாமல் செய்வோம். துளை போடும் இயந்திரம், கான்கிரீட் லோரி, ஆளைத் தூக்கும் மேடை வண்டி எல்லாவற்றையும் கழுவி நிறுத்தி, பொட்டு வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். பூமாலை வாங்கப் பிரிக்பீல்ட்ஸ் போவோம், பொரியும் பழமும் வாங்கக் கிள்ளான். பூஜையில் வைத்த கருவியை மறுநாள் பூஜை முடித்து எடுக்கும் வரை தொடக்கூடாது. பங்களாதேஷ் ஆட்களும் இந்தோனேசிய ஆட்களும்கூட இதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இரண்டு நாள் ஓய்வும் பொரிகடலையும் கிடைக்கிறதே.

லோகேஸ்வரி தன் அளவுக்கருவியைத் தானே துடைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் பட்டுத்துணி விரித்து வைத்தார். பாறையை ஒருநாள் பார்க்காவிட்டால் தூக்கம் வராது என்கிற மனுஷி, இரண்டு நாள் அளக்க முடியாதே என்று ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. நாங்களும் யோசிக்கவில்லை. எஞ்சினியர் திருச்செல்வம்தான் அந்தக் கருவிக்கு மாலையே போட்டார்.

மூன்றாம் நாள் காலையில் கருவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார் லோகேஸ்வரி. கால் மணி நேரத்தில் என் ஸ்டோருக்கு ஓடி வந்தார்.

“ஸ்டோர் அண்ணே, துணி குடுங்க. ஈரத் துணி. நெறைய.”

“என்னாச்சு?”

“எல்லாக் கண்ணும் குருடு!”

சபாபதிதான். பூஜையன்று ஏணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கடைசிப் பத்து வளையத்தில் ஏணி எட்டிய பிரிசங்களுக்கெல்லாம் ஒன்று விடாமல் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருக்கிறார். சந்தனம் தீர்ந்துபோனதால்தான் பழைய வளையங்கள் தப்பித்தன. லோகேஸ்வரி அவரைப் பிடித்துக் கேட்டபோது மனுஷன் முகத்தில் குற்ற உணர்வே இல்லை.

“எல்லா ஆயுதத்துக்கும் வைக்கிறோம், இதுக்கு மட்டும் வைக்கலன்னா எப்படி லா அக்கா? இதுங்கதான எங்களக் காப்பாத்துது?”

லோகேஸ்வரி திட்டிக்கொண்டே அவர் கொடுத்த சுண்டலை வாங்கித் தின்றார். பிறகு ஏணி போட்டு ஏறி, காய்ந்து ஒட்டிப்போயிருந்த சந்தனத்தை ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தார். பதினொரு மணிக்கு அளக்கத் தொடங்கினார். நாற்பத்தொன்றாம் வளையத்தில் இடதுபக்கத்து இரண்டு கண்ணும் நான்கு மில்லிமீட்டர் உள்ளே வந்திருந்தன.

அந்த வளையத்தைத் தாண்டி இருபது மீட்டரில்தான் வேலை முகம், அதாவது பாறையைக் குடைகிற முனை. மதியம் இரண்டு மணிக்குச் சபாபதியும் அவருடைய ஆட்கள் பதினான்கு பேரும் அந்த வளையத்துக்கு அடியில் நடந்துபோய், அடுத்த வெடிக்குத் துளை போட வேண்டும். லோகேஸ்வரி தன் கருவியின் மூன்று காலையும் சுரங்கப் பாதையின் நட்டநடுவில் அகல விரித்து வைத்துவிட்டு, “யாரும் போகக் கூடாது” என்றார். கருவியைத் தள்ளாமல் துளை போடும் இயந்திரம் உள்ளே போக முடியாது. கருவியைத் தொட யாருக்கும் தைரியம் இல்லை. அவரே வழியை அடைத்துக்கொண்டு நின்றிருந்தாலாவது ஓரமாகப் போயிருப்பார்கள்.

திருச்செல்வம் வந்தார். சின்ன வயதுதான், பொறுமைசாலி, ஆனால் அன்றைக்குப் பொறுமைக்கு நேரம் இல்லை.

“அக்கா, நீங்க துடைச்சீங்க. துடைக்கும்போது தள்ளியிருப்பீங்க. அதான் நாலு மில்லி.”

சபாபதி பின்னாலிருந்து, “இந்தத் தடவ பலகை இல்ல பாஸ், துணி” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, நானும் சிரித்தேன்.

லோகேஸ்வரிக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தோம். அவர் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார். “ஆமா பாஸ். அந்த ரெண்டும் ரொம்பக் காஞ்சிருந்துச்சு, அழுத்தித்தான் துடைச்சேன். நகந்திருக்கலாம். அத விட்டுருங்க.” குறிப்பேட்டைத் திருப்பி விரலை வைத்தார். “உச்சிக் கண்ணப் பாருங்க. ரெண்டு மில்லி எறங்கியிருக்கு. அதுக்குச் சபாபதி பொட்டு வைக்கல, ஏணி எட்டாது. மேடை வண்டிக்கு மாலை போட்டு நிறுத்தியாச்சு. நானும் துடைக்கல. அது எப்படி எறங்குச்சு?”

“ரெண்டு மில்லிதான? கருவியே ஒரு மில்லி முன்னபின்ன காட்டும் அக்கா. வெடி வைக்கும்போது இதவிட அதிகமா வந்திருக்கு.”

“அதான் பாஸ் நானும் கேக்குறேன். ரெண்டு நாளா வெடி வைக்கல. தொளை போடல. லோரி ஓடல. உள்ள ஆளே இல்ல. எல்லாரும் வெளிய பொரி தின்னுக்கிட்டிருந்தோம். சும்மா கெடந்த பாறை, அப்புறம் எதுக்கு வருது?”

திருச்செல்வம் மேலே பார்த்தார். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, சாம்பல் நிறக் கான்கிரீட்தான். லோகேஸ்வரி குரலைத் தாழ்த்தினார்.

“நேத்து அளந்திருந்தா இன்னிக்குச் சந்தேகமே இல்ல. ரெண்டு நாள நாந்தான் கொண்டு போயி சாமி முன்னாடி வச்சுட்டேன். அது எம் மேல தப்பு. அதுக்காக இவங்கள இதுக்கு அடியில அனுப்பச் சொல்றீங்களா?”

திருச்செல்வம் ஐந்து மணி வரை நேரம் கொடுத்தார். லோகேஸ்வரி உட்காரவே இல்லை. மணிக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் பத்துத் தடவை, அந்த உச்சிக் கண்ணையே குறிவைத்து அளந்து சராசரி எடுத்துக்கொண்டிருந்தார். பதினான்கு பேரும் வாசலில் உட்கார்ந்து கோப்பி குடித்தபடி அவரைப் பற்றி ஜோக் அடித்தார்கள். இரண்டு மணியிலிருந்து மொத்த இறக்கம், மூன்று மணிக்கு 0.2. நான்கு மணிக்கு 0.5. ஐந்து மணிக்கு 0.9. ஐந்தரைக்குத் திருச்செல்வம் சுரங்கத்தை மூடிக் கையெழுத்துப் போட்டார். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒன்றுக்காக என்று அன்றைக்குக் கேன்டீனில் ஒரே பேச்சு.

மறுநாள் நாற்பதாம் வளையத்தின் பக்கம், பாதுகாப்பான இடத்தில் இயந்திரத்தை நிறுத்தி, அங்கிருந்து அதன் நீண்ட இரும்புக் கையை நீட்டி நாற்பத்தொன்றின் உச்சியில் போல்ட்டுக்குத் துளை போட்டார்கள். சபாபதியே இயந்திரத்தில் உட்கார்ந்தார். துளைக்கம்பி இரண்டரை மீட்டர் வரை கரகரவென்று முனகிக்கொண்டு போனது. பிறகு சட்டென்று சத்தமே இல்லாமல், வெண்ணெயில் இறங்குவதுபோல உள்ளே போயிற்று. துளையிலிருந்து சாம்பல் நிறத்தில் வரவேண்டிய தண்ணீர் பழுப்பாக, மைலோ பானத்தின் நிறத்தில் கொட்டியது. பாறைக்கு மேலே ஒரு களிமண் பட்டை கிடந்திருக்கிறது, ஊறிப்போய். அதன் கீழே இருந்த பாறையைப் பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை.

சபாபதி இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கினார். கையைக் கழுவினார். 

ஆறு மீட்டர் நீளத்தில் பதினெட்டு போல்ட், அதன்மேல் இரும்பு வலை, அதன்மேல் இரண்டு பூச்சுக் கான்கிரீட். எல்லாவற்றையும் எட்ட நின்றே செய்தார்கள். லோகேஸ்வரி காலையும் மாலையும் அளந்தார். வாட்சாப் குழுவில் 0.6 வந்தது, பிறகு 0.3, பிறகு 0.1. ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் 0.0. ஏழாம் நாள் காலையில் திருச்செல்வத்திடம் நேரில் போய், “சும்மா இருக்கு பாஸ்” என்றார். ஒன்றும் விழவில்லை, யாருக்கும் அடிபடவில்லை. அவருடைய வேலையில் இருக்கிற கஷ்டம் அதுதான்: சரியாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றுமே நடக்காததற்கு யார் கைதட்டுவார்கள்?

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஏழாம் நாள் ஆட்கள் உள்ளே போக மறுத்துவிட்டார்கள்.

முப்பத்தொன்பதாம் வளையம் வரை வந்தார்கள். அங்கே பதினான்கு பேரும் நின்றார்கள். கோடு கிழித்ததுபோல ஒருவர் காலும் அதைத் தாண்டவில்லை. மைலோ நிறத் தண்ணீரை எல்லாருமே பார்த்திருந்தார்கள். திருச்செல்வம் போனில் பாறை நகர்வின் வரைபடத்தைக் காட்டினார்.

“பாருங்க, கோடு படுத்திருச்சு. அசைவே இல்ல.”

“கோடு போன்ல படுத்திருக்கு பாஸ்” என்றார் சபாபதி. “எங்க தலைக்கு மேல இருக்கறது போன் இல்லியே.”

அன்று மாலைக்குள் வேலை தொடங்காவிட்டால் வேறு ஆட்களை இறக்கப்போவதாக மேலிடம் சொல்லிவிட்டது. வருகிறவர்களுக்கு இந்தச் சுரங்கத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்தப் பதினான்கு பேருக்கு வேலை போய்விடும். இதையும் திருச்செல்வம் சொல்லிப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. சபாபதி லோகேஸ்வரி பக்கம் திரும்பினார். கேலி இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

“நீங்கதான அக்கா சொன்னீங்க, வருதுன்னு.”

“அன்னிக்கு வந்துச்சு, சொன்னேன். இன்னிக்கு நின்னுருச்சு, அதையும் நாந்தான சொல்றேன்? வருதுன்னா சிரிக்கிறீங்க. நின்னுருச்சுன்னா பயப்படுறீங்க. உங்களுக்கு நான் எதத்தான் லா அளக்கறது?”

இதுவரை இப்படிக் கோபத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கண் கலங்கியிருந்தது என்றுகூட நினைக்கிறேன். சுரங்க வெளிச்சத்தில் உறுதியாகச் சொல்ல முடியாது.  அவர், போல்ட் கணக்கு எடுக்க வந்திருந்த என்னைப் பார்த்துக் கேட்டார்:

“ஸ்டோர் அண்ணே, மணி என்னா?”

“பதினொண்ணே முக்கால்.”

“சரி. பசிக்குது.”

கருவிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, அந்தப் பெரிய பூட்ஸ் சளக் சளக் என்று சத்தம் போட நடந்தார். நாற்பதைத் தாண்டினார். நாற்பத்தொன்றாம் வளையத்தின் நேர் கீழே, மிச்சப்பட்ட போல்ட்டுகள் இருந்த நீண்ட மரப்பெட்டி ஒன்று கிடந்தது. அதன் நடுவில் உட்கார்ந்து, தண்ணீர்ப் புட்டியைச் சாய்த்துக் கை கழுவி, மடியில் டப்பாவைத் திறந்தார்.

சுரங்கத்துக்குள் சாப்பிடக் கூடாது என்பது விதி. விதியை அச்சடித்து வாசலில் ஒட்டியவனே நான்தான். அன்றைக்கு நான் எதையும் பார்க்கவில்லை. திருச்செல்வமும் பார்க்கவில்லை.

சோறு, நெத்திலி சம்பால், ஓர் அவித்த முட்டை. சம்பால் வாசனை எங்கள் வரை வந்தது. அவசரப்படவில்லை. முட்டையை நான்காகப் பிட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் கொஞ்சம் சோறு பிசைந்து, வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதுபோலச் சாப்பிட்டார்.  நான் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கு பேரும் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

சபாபதி தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஓர் அடி எடுத்து வைத்தார், நின்றார். பிறகு இன்னோர் அடி.

லோகேஸ்வரி அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை, வா என்றும் கூப்பிடவில்லை. டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெட்டியின் ஓரத்துக்கு நகர்ந்து, காலியான இடத்தைப் புறங்கையால் தட்டித் தூசியைத் துடைத்துவிட்டார்.